பிஸ்கட் டப்பாவில் அம்மாவின் சீட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் எல்லோரும் சேர்ந்து ஒரு பொய் சொல்வோம். சின்ன வயதில் நாமெல்லாம் நல்ல பிள்ளைகள், இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் தங்களைத் தவிர யாரையும் பார்ப்பதில்லை என்று. நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மூட்டு வலியும் கண்ணில் புரையும் வந்த பிறகு இனி யாரிடம் நல்ல பெயர் வாங்கி என்ன ஆகப்போகிறது? நான் நல்ல பிள்ளை இல்லை. பொறாமை பிடித்த பிள்ளை. எனக்குப் பத்து வயதானபோது வந்த லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், அந்தப் பொறாமை செய்த வேலையைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது நாங்கள் நீலகிரியில், நடுவட்டத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். அதை ஒட்டியே எங்கள் குவார்ட்டர்ஸ். சிலோனிலிருந்து ஜனங்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. திரும்பி வந்தவர்கள் என்று அவர்களைச் சொன்னோமே தவிர, அவர்களில் பாதிப் பேர் இந்த மண்ணை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை. பாட்டன் காலத்தில் அக்கரைக்குக் கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே, கற்பூர மரங்களை வெட்டிய சரிவில், அவர்களுக்காக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட புதிய லைன் வீடுகள் எழும்பியிருந்தன.

அம்மாவுக்கு நாள் முழுக்க வேலை. ஆனால் மாலை ஐந்தரைக்கு ஃபேக்டரி சங்கு ஊதியதிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவள் எனக்குத்தான். கணப்புச் சட்டியில் கரி போட்டு ஊதிவிட்டு, குளிரில் உறைந்து வெள்ளையாக நிற்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை அதன் பக்கத்தில் வைப்பாள். ஓரத்தில் உருகி, நடுவில் ஒரு கட்டி மட்டும் மிதக்கும். அந்தக் கட்டி கரைகிறவரை நான் பள்ளிக்கூடத்துக் கதை சொல்ல வேண்டும். பிறகு என்னை முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்து, சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, உச்சியிலிருந்து இறுக்கிப் பின்னி, நுனியை மடித்து ரிப்பன் கட்டுவாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்கு இல்லை. பங்கு கொடுப்பது என்றால் என்ன என்று தெரியாமலே பத்து வயது வரை வந்துவிட்டேன்.

எங்கள் சபை சின்னது. துரைமார் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கல் கோவில், அவர்கள் போன பிறகு எங்களுக்கு வந்தது. போதகர் ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த வருடம் வந்தவர் புதியவர், சின்ன வயதுக்காரர், யாருடைய முகத்துக்காகவும் பேச்சை மாற்றாதவர். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று அவர் பிரசங்கத்தில் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நாற்பது நாளைக்குக் கறி சாப்பிட மாட்டேன்னு எல்லாரும் சொல்றீங்க. சந்தோஷம். மிச்சமான கறி யார் வீட்டுக்குப் போச்சு? உங்களுக்கு ரொம்பப் பிரியமானது எதுவோ அதை எடுத்து, அது இல்லாதவங்களுக்குக் கொடுங்க. ஆண்டவருக்குப் பின்னாலே போறதுன்னா அதுதான்."

பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். விட்டுக்கொடுக்கப்போவதை எழுதி, மடித்து, குதிரை வண்டிப் படம் போட்ட பெரிய சீமை பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். யாரும் படிக்கக்கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாச் சீட்டையும் எரித்துவிடுவார். பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு. நான் 'கடலை மிட்டாய்' என்று எழுதினேன். அதைக்கூட மூன்றாம் நாளே தின்றுவிட்டேன்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் மாலை சங்கு ஊதியது. நான் சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா கணப்பை மூட்டவில்லை. எண்ணெய்ப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "அப்பா பின்னி வுடுவாங்க, கண்ணு. நான் கீழ லைனுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு மருந்து கலக்கத் தெரியும், புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். பின்னல் தெரியாது. அவர் பின்னியது ஆட்டைக் கட்டும் கயிறு மாதிரி இருந்தது. மறுநாளும் அம்மா போனாள். அதற்கு மறுநாளும் போனாள். விளக்கு வைத்த பிறகு புகை வாடையோடு வந்து, அவசரமாக அடுப்பில் உலை வைப்பாள். என்னோடு பேச அவளுக்குத் தெம்பு இருக்காது.

ஸ்டோர் கீப்பர் வீட்டம்மா எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். சபையிலும் எங்களுக்கு முன் வரிசை. அவள் வேலிப் பக்கம் நின்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன தலையெழுத்து? நாம இங்க இருபது வருசமாக் கெடக்கறோம். நேத்து வந்தவங்களுக்கு ஊடு, வேலை எல்லாம் குடுத்தாச்சு. நம்ம பசங்களுக்கு யாரு குடுத்தாங்க? இதுல நீங்க வேற போயி ஊழியம் பண்றீங்க. அவுங்கவுங்க ஊட்டைப் பாத்தாப் பத்தாதுங்களா?"

"ஆண்டவரு சிலுவையை எடுத்துட்டு வான்னாரு. நேரம் ஒழியறப்ப எடுத்துட்டு வான்னு சொல்லலைங்களே" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அம்மாவின் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டம்மாவின் பேச்சுதான் பிடித்தது. அம்மா கீழே போனதும் அவள் என்னைக் கூப்பிட்டு வர்க்கி பிஸ்கட் கொடுப்பாள். "பெத்த புள்ளைய வுட்டுப்போட்டு ஊரு புள்ளைக்குத் தலை வாரறாங்களாமா" என்பாள். நான் வர்க்கியையும் தின்பேன், அந்தப் பேச்சையும் தின்பேன்.

அம்மா அங்கே தலை வாருகிறாள் என்பதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நேரிலும் பார்த்துவிட்டேன். எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிலோன் பெண் ஒருத்தி, எனக்கு முன் பெஞ்சு. அதுவரை பரட்டையாக வந்தவள் அன்று உச்சியிலிருந்து இறுக்கிப் பின்னி, நுனியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரிப்பன்கூட இல்லை, கிழிந்த துணிதான். ஆனால் அது என் பின்னல். என் அம்மாவின் விரல் அந்தத் தலையில் இருந்தது. அன்று பாடம் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அவிழ்க்க வேண்டும் என்று கை துடித்தது. நான் அவ்வளவு ஆசையாக வேறு எதையும் விரும்பியதில்லை.

ஒருநாள் அப்பா மருந்து கொடுக்க லைனுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கடைசிக் காம்பரா, அறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதுதான் அந்தப் பெண்ணின் வீடு. உள்ளே என் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் ஒரு கைக்குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்குச் சிலோனிலேயே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதாம். இவர்களுக்கு இந்தியா என்று வந்துவிட்டது. மகளைக் கப்பல் துறையில் விட்டுவிட்டு வந்தவள், கரை இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் இந்தக் குழந்தையைப் பெற்றாள். பெற்றதிலிருந்து பால் கொடுக்கும் நேரம் தவிர அதைத் தொடுவதில்லை. அவள் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போய்விடுவார். பத்து வயதுப் பெண்தான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அப்பா வழியிலேயே சொல்லித்தான் கூட்டிப்போனார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் கண் எங்கள் எண்ணெய்ப் புட்டிமேல் போயிற்று. அவர்கள் அடுப்போரத்தில் நின்றிருந்தது. நடுவில் வெள்ளைக் கட்டி மிதந்தது. அந்தப் பெண் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றவள் எங்களைப் பார்த்து மெல்ல எழுந்து, "தேத்தண்ணி குடிங்க" என்றாள். பால் இல்லாத தேநீர். சீனியை அதில் போடாமல் என் உள்ளங்கையில் கொட்டினாள். அதை நக்கிக்கொண்டே குடிப்பது அவர்கள் வழக்கம். அம்மா கையிலும் சீனி இருந்தது. அவர்களில் ஒருத்தி மாதிரி நக்கிக் குடித்தாள். நான் சீனியை வாசலில் உதறிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் கோவிலைத் துடைத்துப் பூ மாற்றுவது எங்கள் வயதுப் பெண்பிள்ளைகள் வேலை. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய சனி, என்னோடு வந்தவள் லில்லிப் பூப் பறிக்க ஓடைப் பக்கம் போயிருந்தாள். பலிபீடத்துக்குக் கீழே பிஸ்கட் டப்பா. அம்மா என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குப் பல நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். மூக்குப்பொடி. காப்பி. கோழி. ஸ்டோர் கீப்பர் வீட்டம்மாவின் கையெழுத்தில் 'புறணி பேசுவது'. அப்பாவின் சீட்டில் 'சிகரெட்'; அவர் டிஸ்பென்சரிக்குப் பின்னால் நின்று ஊதுவதை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் குண்டு எழுத்து எனக்குத் தெரியும். அதில் இப்படி இருந்தது: 'சாயங்காலம் என் மகளோடு இருக்கும் நேரம்.'

முதலில் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ரொம்பப் பிரியமானதை எழுதச் சொன்னார்கள், அம்மா என்னை எழுதியிருக்கிறாள். கறி இல்லை, காப்பி இல்லை, நான். அந்தச் சீட்டை முகர்ந்துகூடப் பார்த்தேன். ஆனால் மடித்துத் திரும்பப் போடுவதற்குள் கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் அவளுடையது மட்டுமா? பாதி என்னுடையது இல்லையா? ஆண்டவர் பலி கேட்டார் என்று ஆபிரகாம் மகனைக் கட்டி விறகின்மேல் கிடத்திய கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். எல்லோரும் தகப்பனைத்தான் மெச்சுவார்கள். கிடந்த பையனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்தச் சிலோன் பெண்ணைக் குழாயடிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"எங்கம்மா ஆசைப்பட்டு உங்க ஊட்டுக்கு வர்றாங்கன்னு நெனச்சுக்காத. இது லெந்து நாளு. எங்களுக்கு விரதம் மாதிரி. புடிச்சத வுடோணும். அதுக்குத்தான் வர்றாங்க."

அவள் யோசித்தாள். "எங்கம்மாவும் கார்த்திகைக்கு விரதம் இருப்பாங்க. அந்த மாதிரியா?"

"ஆமா."

"அப்ப விரதம் முடிஞ்சா, விட்டதை மறுபடி எடுத்துக்குவாங்கதானே?"

"ஈஸ்டர் வரைக்குந்தான். அதுக்கப்புறம் வர மாட்டாங்க."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "சரி" என்று சொல்லி வகுப்புக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை அம்மா போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் அப்பாவிடம் பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அந்தப் பொம்பளையே இன்னிக்குக் குழந்தைக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்துச்சுங்க. இனிமே நாங்களே பாத்துக்குறோம், ஒங்க நாப்பது நாளு முடிஞ்சா எங்களுக்குப் பழகணும்லன்னு கேட்டுச்சு. ஈஸ்டர் முடிஞ்சும் வருவீங்களான்னு கேட்டுச்சுங்க. எனக்கு உடனே வாய் வரலை."

"வர்றேன்னு சொல்லிப்போட வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? நானும் என்னிக்கி ஈஸ்டர் வருமுன்னு நாளு எண்ணிட்டுத்தானே இருந்தேன். இவ தலையைத் தொட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

கதவுக்குப் பின்னால் நான் குதிக்காத குறை. அம்மா நாள் எண்ணியிருக்கிறாள், எனக்காக. ஒரு பொம்பளை மனசு நொந்து அம்மாவைத் திருப்பி அனுப்பியதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். "டப்பாவத் தொறந்தியா?"

"ஆமா."

"அந்தப் புள்ளைகிட்டப் போய்ச் சொன்னியா?"

"ஆமா. நீங்க மட்டும் எங்கிட்டக் கேட்டீங்களாம்மா? என்னையக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கேட்டீங்களா?"

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். "கேக்கலை" என்றாள். இப்போது எனக்கு அவள் முகம் புரிகிறது. ஆண்டவருக்குக் கொடுத்ததாக அவள் நினைத்த ஒன்றில் இரண்டு வீடுகள் மாட்டிக்கொண்டிருந்தன. மேலே இருந்த பிள்ளையும் ஏங்கியது, கீழே இருந்தவளும் தன்னை ஒருவருடைய விரதமாக்கிவிட்டார்களே என்று நொந்தாள். அம்மாவுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் வாழ்நாளில் அவள் கொடுத்ததில் பாதிகூட யாருக்கும் கொடுத்ததில்லை.

பெரிய வெள்ளியன்று சீட்டுகள் எரிந்தன. ஈஸ்டர் வந்தது. திங்கட்கிழமை மாலை சங்கு ஊதியதும் அம்மா கணப்பு மூட்டினாள். எனக்குப் பின்னிவிட்டாள். பின்னி முடித்து, என் தோளைப் பிடித்துத் திருப்பி, கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் அங்க போகட்டுமா, கண்ணு? இப்ப விரதமெல்லாம் இல்லை. மனசு கேக்கலை, அதான். போயி மன்னிப்புக் கேட்டுட்டு, தெனமும் செத்த நேரம் இருந்துட்டு வர்றேன். போன தடவை உன்னையக் கேக்கலை. இப்பக் கேக்கறேன். நீ சரின்னாத்தான் போவேன்."

அவள் மனசு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. விரதத்துக்காகப் போனபோதாவது நாள் எண்ணினாள். இப்போது ஆசைப்பட்டுப் போகிறாள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

அம்மா கொஞ்சம் காத்திருந்தாள். நான் மாற்றிச் சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு "சரி" என்றாள். போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. வாக்குக் கொடுத்தால் அம்மா மீற மாட்டாள். என் நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அம்மா பின்னினாள், நான் கதை சொன்னேன், அவள் "உம்" கொட்டினாள். எந்தக் கதைக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் பெஞ்சை மாற்றிக்கொண்டாள்.

மழை பிடித்த வாரத்தில், அந்த லைனில் பாதிக் குடும்பங்களைத் தேவாலாப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். மத்தியானம் லாரி எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. பெற்றவள் இறங்கி வந்தாள். இடுப்பில் குழந்தை, கொழுகொழுவென்று. பின்னால் என் வகுப்புப் பெண். அம்மா ஓடினாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அது அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நீங்க வராததால நானே தூக்கிப் பழகிட்டேன்" என்றாள் பெற்றவள். "ஏன் வரல்லீங்க? நான் ரோசத்துல சொல்லிட்டேன். வருவீங்கன்னு தினமும் தேத்தண்ணிக்கு ரெண்டு பேருக்குத் தண்ணி வச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். அங்க என் மகள விட்டுட்டு வந்தேன், இங்க நீங்க இருந்தீங்க."

அம்மா என்னைக் கை காட்டியிருக்கலாம். என் மகள் விடவில்லை என்று சொல்லியிருந்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நேரம் ஒழியலைங்க" என்றாள் அம்மா. "எம்மேலதான் தப்பு. மன்னிச்சுக்கங்க."

பெற்றவள் முகம் ஒருமாதிரி ஆனது. ஒழியவில்லை என்று சொல்கிறவர்களை அவள் வாழ்க்கையில் நிறையப் பார்த்திருப்பாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "சரிங்க, போயிட்டு வாறம்" என்று ஏறிவிட்டாள். என் அம்மாவைப் பற்றி அவள் கடைசிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

லாரி வளைவில் இறங்கி மறைந்த பிறகு நான் கேட்டேன். "வேண்டாம்னு சொன்னது நாந்தானேம்மா. அதைச் சொல்லியிருக்கலாமில்லைங்க?"

"பத்து வயசுப் புள்ளைகிட்டப் போயிக் கேட்டது நாந்தானே, கண்ணு. போகாம இருந்ததும் நாந்தான்."

அம்மா தூறலிலேயே நின்றாள். நான் பக்கத்தில் போய் அவள் தோளில் முகத்தை வைத்தேன். ரவிக்கையில் அந்தக் குழந்தையின் எச்சில் ஈரமாக இருந்தது, பால் வாடை அடித்தது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.